முப்பத்தேழாம் நம்பர் மனை

முளையக்காவுக்கு அந்தப் பெயர் மழையால் வந்தது. அதற்கு முன்னால், கம்பெனி தொழிலாளிகளுக்குக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் அவளை டிரில்லர் பெண்டாட்டி என்றுதான் சொல்வார்கள். புருஷன் சுரங்கத்துக்குள் இருபத்திரண்டு வருஷம் பாறையில் துளை போட்டவர். சுரங்கத்தை மூடி, துளை போட ஒரு கல்கூட இல்லாமல் போன பிறகும் டிரில்லர் என்ற பெயர் மட்டும் அவரை விடவில்லை. வேலையைப் பிடுங்கிக்கொண்ட கம்பெனிக்காரன் பெயரையாவது விட்டுவைத்தானே என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஈயச் சுரங்கம் அது. கல்லை அரைத்து ஈயத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வெளியே மலைமலையாகக் கொட்டினார்கள். சாம்பல் நிறத்தில் மாவு மாவாக இருக்கும். சக்கை என்பார்கள். காற்றடித்தால் சக்கை துணிக்கொடிக்கு வரும், மழை பெய்தால் ஓடைக்கு வரும். ஓடைத் தண்ணீர் குடித்த மாடுகள் கால் பின்னி விழுந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஈயம் இருப்பது தெரிந்து, கம்பெனி கையைக் கழுவிக்கொண்டு போன பிறகுதான் அரசாங்கம் வந்து மூடல் வேலையைத் தொடங்கியது. சக்கையைச் சமப்படுத்த வேண்டியது, அதன் மேல் மூன்றடி களிமண், அதற்கு மேல் ஓரடி நல்ல மண், அதில் புல். சொல்லும்போது ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். செய்து முடிக்க நான்கு வருஷம் ஆயிற்று.

அதில் முளை நடுகிற வேலை அவளுக்குக் கிடைத்தது. ஆளுயர இரும்புக் கம்பி, அதன் காலில் சதுரமாக ஒரு தட்டு, நடுவில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு. சமப்படுத்திய சக்கையின் மேல் இருபதடிக்கு ஒன்றாக அதை நிறுத்தி, சுற்றிலும் கல் அடுக்க வேண்டும். லாரி களிமண்ணைக் கொட்டும், ரோலர் மிதிக்கும், சிவப்புக் கோட்டைத் தொட்டதும் நிறுத்துவார்கள். கோடு வரைக்கும் மண் என்பதுதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். கடைசி வருஷம் வடக்கு மூலையில் வேலை நடந்தபோது ஒன்பது நாள் விடாமல் மழை பிடித்தது. சக்கை கூழாகிவிட்டது. தட்டு வழுக்கி, நட்ட முளையெல்லாம் படுத்துக்கொண்டது. ரோலர்காரன் ஒரு பக்கம் கத்தினான், மேஸ்திரி ஒரு பக்கம் கத்தினான். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. சுத்தியலால் தட்டுகளைத் தட்டி எறிந்தாள். வெறும் கம்பியை எடுத்து, கல்லில் பட்டது மாதிரி கெட்டிப்படும் வரைக்கும் சக்கைக்குள் அடித்து இறக்கினாள். நாற்பத்திரண்டு முளை. ஒன்றுகூட அதற்குப் பிறகு சாயவில்லை. "பொம்பள அடிச்ச முளைடா, யானையைக் கட்டினாலும் அசையாது" என்று மேஸ்திரி எல்லோர் முன்னாலும் சொன்னான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான். சொல்லப்போனால் அவளுக்கு அந்தப் பெயரில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மூன்று வருஷத்தில் புல் முழங்கால் உயரம் வந்துவிட்டது. இனி இந்த நிலத்தை என்ன செய்வது என்று திட்டம் போட ஒரு அதிகாரி வந்தாள். கையில் எப்போதும் சுருட்டிய வரைபடம் இருந்ததால் வந்த மறுநாளே அவள் மேப் மேடம் ஆகிவிட்டாள். பழைய கேன்டீன் ஹாலில் படங்களை ஒட்டி வைத்து ஆளுக்கு மூன்று பொட்டு கொடுத்தாள். வீடு வேண்டுமா, பூங்கா வேண்டுமா, சூரியத் தகடு போட்டு மின்சாரம் எடுக்கலாமா, எது வேண்டுமோ அதில் ஒட்டலாம். லைன் வீடுகளே சக்கை மேல் கட்டியவை, அதையும் இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்த ஜனம் வேறு எதில் ஒட்டும்? வீட்டுப் படத்தில் காகிதமே தெரியாத அளவுக்குப் பொட்டு விழுந்தது. கடைசியில் வடக்குப் பக்கம் நூற்றிருபது மனை, நடுவில் பூங்கா, தெற்கே சூரியத் தகடு என்று முடிவாகி, வீட்டுக்கு ஒரு மனை என்று குலுக்கலும் நடந்தது. முளையக்கா வீட்டுக்கு முப்பத்தேழு விழுந்தது. மகள் பேரிலேயே எழுதிக்கொள்ளுங்கள் என்று டிரில்லர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து மகள் கால் தரையில் பாவவில்லை. தன் பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டு, சிமென்ட் தரையில் சாக்பீஸால் வீடு வரைவாள். அடுப்படி இங்கே, ஜன்னல் இங்கே, அப்பா கட்டில் இங்கே. டிரில்லர் தண்ணீர் குடிக்க எழுந்தால் சத்தம் போடுவாள்.

"அப்பா, சுவத்து மேல நடக்கறீங்க!"

"வாசல் எங்கடி வச்ச? மனுஷன் வெளிய போக வேணாமா?"

"அந்தப் பக்கம் சுத்தி வாங்க."

அவரும் மெனக்கெட்டுச் சுற்றிக்கொண்டுதான் போவார். மருமகன் டிப்பர் லாரி ஓட்டுகிறவன். வீடு மட்டும் அமையவில்லை என்றால் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் போய்விடுவதாக ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், இப்போது ஜன்னல் வைக்க எந்த மரம் நல்லது என்று விசாரித்துக்கொண்டிருந்தான். முளையக்காவுக்கு அது போதும். பிறந்த மூன்று பிள்ளைகளில் தங்கியது இந்த ஒன்றுதான். அதுவும் கண்காணாத ஊருக்குப் போய்விட்டால் தனக்கு என்ன இருக்கிறது என்று அவள் பயந்துகொண்டிருந்தாள்.

இறுதிக் கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்னால், மனை கட்டும் விதிகளைச் சொல்ல மேப் மேடம் எல்லோரையும் ஹாலுக்குக் கூப்பிட்டாள். தரையை நெட்டுக்குத்தாக வெட்டினால் எப்படித் தெரியும் என்று ஒரு படம் மாட்டியிருந்தாள். அடியில் சாம்பல், மேலே சிவப்பு, அதற்கு மேலே கறுப்பு.

"அஸ்திவாரம் எவ்வளவு தோண்டலாம் மேடம்?" என்று கேட்டார் குண்டான் அண்ணன். கேன்டீனில் சமையல்காரராக இருந்தவர், முப்பத்தாறாம் மனை அவருடையது.

"மூணடி. அதுக்கு மேல ஒரு விரக்கடைகூடக் கூடாது. மேல ஓரடி மண்ணு, கீழ மூணடி களிமண்ணு, மொத்தம் நாலடி. அதுல மூணு தோண்டினா ஓரடி களிமண்ணு மிச்சம் இருக்கும். அதுதான் உங்களுக்கும் சக்கைக்கும் நடுவுல பாதுகாப்பு."

"நாலடி இருக்குன்னு எப்படித் தெரியும்? எங்க வீட்டுக்காரி உப்புப் போட்டேன்னு சொல்வா, வாயில வச்சாதான தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்துவிட்டு, படத்தில் ஓரமாக வரைந்திருந்த முளையைக் காட்டினாள். "இதோ, இந்தத் தட்டு சக்கை மேல உக்காரும். தட்டுல இருந்து சிவப்புக் கோடு வரைக்கும் சரியா மூணடி. அதனால கோடு வரைக்கும் மண்ணு ஏறினா மூணடி நிச்சயம்."

முளையக்கா, எல்லோரும் கலைந்து போகும்வரை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே நின்றாள்.

"மேடம், அந்தத் தட்டு இல்லாம அடிச்சா?"

"தட்டு இல்லாம எப்படி அடிப்பாங்க? முளை உள்ள இறங்கிடுமே. எவ்வளவு இறங்குதோ அவ்வளவு களிமண்ணு குறைஞ்சிடும்."

"அப்புறம் துளை போட்டு சோதிச்சாங்கல்ல?"

"நூறு மீட்டருக்கு ஒண்ணு போட்டாங்க. போட்ட இடமெல்லாம் சரியாதான் இருந்துச்சு. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றாள் முளையக்கா.

சாயங்காலம் மகள் முட்டை வேகவைத்திருந்தாள். நால்வரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முளையக்கா, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மேப் மேடம் சொன்னதைச் சொன்னாள், பிறகு மழையைச் சொன்னாள், பிறகு தட்டுகளைச் சொன்னாள். டிரில்லர்தான் முதலில் புரிந்துகொண்டார். இருபத்திரண்டு வருஷம் ஆழம் பார்த்து வேலை செய்தவர் அல்லவா.

"எவ்வளவு இறங்குச்சு?"

"ஒரு முழம் இருக்கும்."

"எல்லாமா?"

"நாப்பத்திரெண்டும்."

"அப்ப மூணடில பாதி போச்சு" என்றார் அவர். கையில் இருந்த முட்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

மருமகனுக்கு அதற்குள் விஷயம் உறைத்துவிட்டது. "எந்த இடம் அத்தை?"

"முப்பத்தொண்ணுல இருந்து நாப்பத்தெட்டு வரைக்கும் வரும்."

மகள் எழுந்து பாப்பாவின் வாயைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"சரி, இருக்கட்டும்" என்றான் மருமகன். "ஒரு முழம் களிமண்ணு குறைஞ்சா என்ன ஆயிடும்? நாங்கல்லாம் சக்கையில உருண்டு வளந்தவங்கதான?"

"உருண்டு வளந்துதான் உங்க தம்பிக்குப் பதினாலு வயசாகியும் பேச்சு வரல மாப்ள" என்றாள் முளையக்கா. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இந்தா, நீ கொஞ்சம் சும்மா இரு" என்று டிரில்லர் அவளை அடக்கினார். "மறுபடி களிமண்ணு கொட்டச் சொன்னா கொட்ட மாட்டானுங்களா?"

"கான்ட்ராக்ட்காரன் கணக்க முடிச்சுட்டுப் போய் மூணு வருஷம் ஆச்சு மாமா. யார் கொட்டுவா? வேலியப் போட்டு, உள்ளே வராதேன்னு போர்டு வைப்பாங்க. பதினெட்டு வீடு நடுத்தெருவுல நிக்கும். வேற மனை எங்க இருக்கு? அத்தைக்கு என்ன தலையெழுத்து, வெளிய தெரியாத ஒண்ண இழுத்துப் போட்டுக்கணும்னு?"

"தோண்டுனா தெரிஞ்சிடுமே மாப்ள" என்றாள் முளையக்கா.

"நாம ரெண்டடி தோண்டிக்கலாம்."

"நாம தோண்டிக்கலாம். குண்டான் அண்ணன் வீட்ல? முருங்கக் குச்சி நடணும்னு அந்தக்கா இப்பவே சொல்லிட்டுத் திரியுது."

அப்போதுதான் மகள் வாயைத் திறந்தாள். "அம்மா, நெசமா ஒரு முழம்னு உனக்குத் தெரியுமா? அளந்து பாத்தியா? மழையில, அவசரத்துல, நீயா நெனச்சுக்கற. நாலு விரல்தான் இறங்கியிருக்கும். எனக்கு ஒரு நல்லது நடக்கறப்பதான் உனக்கு இதெல்லாம் ஞாபகம் வரும்." குரல் உடைந்துவிட்டது. "நீ மட்டும் போய் அங்க ஏதாவது சொன்ன, அப்புறம் நான் உனக்குப் பொண்ணு இல்ல."

அன்றைக்குச் சாப்பாடு அப்படியே இருந்தது. ஆனால் அளந்து பார்த்தாயா என்று மகள் கேட்டது முளையக்காவுக்குப் பெரிய ஆறுதலாகப் பட்டது. நாலு விரலாகவே இருக்கலாமே! அடித்த வேகத்தில் முழமாகத் தோன்றியிருக்கலாம். அப்படி இருந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று அவள் மனசாரக் கும்பிட்டாள்.

மறுநாள் காலையில் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போனாள். வேலியில் ஆடுகள் நுழைகிற சந்து ஒன்று உண்டு. வெயில் நன்றாக ஏறியிருந்தது. மனைகளுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு எண் எழுதிய கல் ஊன்றியிருந்தார்கள். முப்பத்தேழாம் கல்லுக்குப் பக்கத்தில், மகள் அடுப்படி வரைந்த இடம் எதுவாக இருக்கும் என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, அங்கே தோண்டாமல் ஓரமாகத் தோண்டினாள். புல் வேர் பாய் போலப் பின்னியிருந்தது. கறுப்பு மண் ஓரடி. பிறகு சிவப்புக் களிமண், ரோலர் மிதித்து இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு குத்துக்கும் கடப்பாரை அவள் தோளை உலுக்கியது. சிவப்பாகவே வா, இன்னும் சிவப்பாகவே வா என்று சொல்லிக்கொண்டே குத்தினாள். வியர்வை கண்ணில் இறங்கியது.

பின்னால் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. மகள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்திருந்தாள்.

"அறிவிருக்கா உனக்கு? வாச்சர் பாத்தா என்ன ஆகும்? வா வீட்டுக்கு."

"நீதானடி அளந்தியான்னு கேட்ட?"

"கேட்டேன், கேட்டது தப்புதான். வா."

முளையக்கா அடுத்த குத்துக் குத்தினாள். கடப்பாரை எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது. இழுத்தபோது நுனியில் சாம்பல் ஒட்டிக்கொண்டு வந்தது, ஈரமாக, பளபளவென்று. குழிக்குள் கையை விட்டுக் களிமண்ணை அளந்தாள். முழங்கையில் இருந்து விரல் நுனி வரை ஒரு முழம், அதற்கு மேல் இல்லை. குழியோரமாகவே உட்கார்ந்துவிட்டாள்.

மகள் பாப்பாவை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். பாப்பாவுக்கு அப்போது மண் தின்கிற பழக்கம் இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான். தவழ்ந்து வந்து, கடப்பாரை நுனியில் இருந்ததைக் கொத்தாக அள்ளி வாய்க்குக் கொண்டுபோனது. மகள் பாய்ந்து அதன் கையைத் தட்டிவிட்டாள். தட்டிய வேகத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. அதைத் தூக்கிக்கொண்டு, புடவைத் தலைப்பால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே, அம்மாவைத் திரும்பிப் பாராமல் வேலியை நோக்கி நடந்தாள். அதற்குப் பிறகு நான்கு நாள் அவள் பேசவில்லை. தரையில் வரைந்த கோடுகளை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். அது கோபத்திலா வேறெதிலா என்று கேட்க முளையக்காவுக்குத் தைரியம் இல்லை.

கூட்டத்தன்று டிரில்லர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். "சொல்லத்தான் போறியா?"

"சொல்லாம எப்படிங்க?"

"சொன்னா பொண்ணு போயிடும்."

"தெரியும்."

"நான் உனக்குப் பக்கத்துல உக்காரல. என்னால முடியாது" என்றார். அவரைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஹால் நிரம்பி வழிந்தது. சுவரை அடைத்துக்கொண்டு பெரிய வரைபடம். கட்டம் கட்டமாக மனைகள், கட்டத்துக்குள் எண். மேப் மேடம் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிட்டு, "யாராவது ஏதாவது சொல்லணுமா? இல்லேன்னா கையெழுத்துக்கு அனுப்பிடலாம்" என்றாள். சம்பிரதாயமாகக் கேட்ட கேள்வி. நாற்காலிகள் நகரத் தொடங்கிவிட்டன.

முளையக்கா எழுந்தாள். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. மழையைச் சொன்னாள், தட்டுகளைத் தட்டி எறிந்ததைச் சொன்னாள், குழி தோண்டி முழம் போட்டு அளந்ததைச் சொன்னாள். "என் தப்புதான் மேடம். யாரும் செய்யச் சொல்லல. சாயக் கூடாதுன்னு நெனச்சேன், அவ்வளவுதான்."

ஹாலில் கூச்சல் எழுந்தது.

"மூணு வருஷமா வாயில என்ன வச்சிருந்த?" என்று குண்டான் அண்ணன் பெண்டாட்டி கேட்டாள். "இத்தனை நாள் பேரு வாங்கிட்டுத் திரிஞ்சியே, முளையக்கா முளையக்கான்னு!"

"தெரியாதுக்கா. சத்தியமா அஞ்சு நாள் முன்னால வரைக்கும் தெரியாது."

"தெரியாதவங்களுக்கு எதுக்கு வேலை கொடுத்தாங்க?"

நியாயமான கேள்விதான். மேப் மேடம் இரண்டு கைகளையும் தூக்கி எல்லோரையும் அமர்த்தினாள். அவள் முகமும் வெளுத்திருந்தது. "இங்க வாங்கம்மா. எந்த எந்த மனைன்னு காட்ட முடியுமா?"

"காட்டுவேன்."

"நல்லா யோசிச்சுக் காட்டுங்க. நீங்க காட்டற இடத்துல இன்னைக்கே கோடு போட்டு நிறுத்திடுவோம். அங்க வீடு வராது. மிச்ச இடத்துக்கு உடனே கையெழுத்துப் போயிடும்." சிவப்புப் பென்சிலை அவள் கையில் கொடுத்தாள்.

முளையக்கா வரைபடத்துக்குப் பக்கத்தில் போனாள். அன்றைக்கு முதல் முளை அடித்த மூலை வாய்க்காலில் இருந்து எண்ணினால் அவளுக்குத் தப்பாது. முப்பத்தொன்றில் கோடு போட்டு எண்ணைச் சொன்னாள். பின்னால் யாரோ "ஐயோ" என்றார்கள். முப்பத்திரண்டு. ரோலர்காரன் வீடு அது, அவன் எழுந்து வெளியே போய்விட்டான். முப்பத்துமூன்று. முப்பத்துநான்கு. ஒவ்வொன்றும் யாருடையது என்று அவளுக்குத் தெரியும், எல்லோரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள். முப்பத்தைந்து. முப்பத்தாறு என்றபோது குண்டான் அண்ணன் பெண்டாட்டி வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

அடுத்த கட்டத்தில் பென்சில் நின்றது. எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் மகள் பெயர் இருந்தது. ஒரே ஒரு வீடு. ரெண்டடி தோண்டிக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை சொன்னாரே. முற்றத்தைச் சிமென்ட் போட்டு மூடிவிட்டால் குழந்தை கைக்கு என்ன கிடைக்கப் போகிறது? நானே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வேனே. கண்ணுக்கு முன்னால் இருந்தால் போதுமே. இதெல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்தில் அவள் மனதில் ஓடியது. இத்தனை பேருடைய வீட்டை அழித்துவிட்டுத் தன் வீட்டை மட்டும் வைத்துக்கொள்வது எவ்வளவு கேவலம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கை நகர்ந்தது.

"முப்பத்தெட்டு" என்றாள்.

யாரும் கவனிக்கவில்லை. அவரவர் எண் வருகிறதா என்றுதான் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தொன்பது, நாற்பது என்று நாற்பத்தெட்டு வரை போய் நிறுத்தினாள். உடம்பு முழுக்க வேர்த்திருந்தது.

"அவ்வளவுதானா?" என்று மேடம் கேட்டாள்.

"அவ்வளவுதான்."

மேடம் பென்சிலுக்குக் கை நீட்டினாள்.

"அம்மா, முப்பத்தேழ விட்டுட்ட."

ஹாலின் கடைசி வரிசையில் இருந்து வந்தது குரல். நான்கு நாளுக்குப் பிறகு முளையக்கா கேட்கும் மகளின் குரல். திரும்பிப் பார்த்தாள். மகள் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். மருமகன் அவள் கையைப் பிடித்து உட்காரச் சொல்லி இழுத்துக்கொண்டிருந்தான். தள்ளி உட்கார்ந்திருந்த டிரில்லர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுதான் மேடம் என் மனை. அங்கயும் ஒரு முழந்தான் இருக்கு, நான் பாத்தேன்" என்றாள் மகள். பிறகு அம்மாவைப் பார்த்து, கெஞ்சுகிற மாதிரி, "போடும்மா" என்றாள்.

முளையக்கா வரைபடத்தின் பக்கம் திரும்பினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றதில் எண் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு, தடவித் தடவிக் கட்டத்தைக் கண்டுபிடித்துக் கோடு போட்டாள். அவள் போட்டு முடிக்கும்வரை மகள் உட்காரவில்லை.